இரண்டு பிள்ளைகளின் பொன்

தொமித்திலா பிறந்தபோது அவள் தொப்புளில் பொன்தூள் வைத்துக் கட்டினார்களாம். அதனால்தான் பொன் அவள் சொன்னபடி கேட்கிறது என்பார்கள் எங்கள் ஊர் பார்பகோவாசில். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாற்பது வருடம் அவள் பட்டறையில் துருத்தி மிதித்தவள் நான். எல்லாம் அவள் பொறுமை.

அவள் பொன்னை உருக்காமலே நகை செய்வாள். நிறம் வேறான பொன்தூள்களை இரும்பு அச்சில் பக்கம் பக்கமாகப் போட்டு, அழுத்தி, கரிச்சூட்டில் வேகவைப்பாள். தூள் ஒட்டிக்கொள்ளும், உருகாது; உருகினால் நிறங்கள் கலந்துவிடுமே.

"உருக்கத் தெரியாதவளெல்லாம் தட்டாத்தியா?" என்பார் எதிர்க்கடை பெனிக்னோ.

"உங்க வாயத்தான் உருக்கணும், அண்ணே. அப்பவாச்சும் அடங்குதான்னு பாப்போம்."

ஒரு மழைக்காலத்தில் ஆற்றங்கரைக்காரி நிக்கோலாசா, வாய் அடைத்த இரண்டு இறகுத் தண்டுகளில் பொன்தூள் கொண்டுவந்தாள். ஒன்றில் அவளுடைய மூத்த மகன் ஆற்று மணலில் அரித்த அடர்மஞ்சள். மற்றதில் இளையவன் அரித்த வெளிர்பொன். அவர்களுக்குள் ஆறு வருடம் பேச்சு இல்லை. ஆற்றங்கரை சரிந்து தம்பி புதைந்தபோது, தோண்டப்போன அண்ணனும் அதிலேயே போனான்.

"ஒரே பதக்கமாப் பண்ணிக் குடு, தாயி. ஆனா கலக்கக் கூடாது. எது யாருதுன்னு எனக்குத் தெரியணும். இத விட்டா அவனுங்க அரிச்ச பொன்னு வேற இல்ல."

அந்தப் பேச்சில் தொமித்திலா பயந்துபோனாள். சூடு ஏறுமுன்பே கரியிலிருந்து எடுத்துவிட்டாள். சுத்தியல் பட்டதும் பதக்கம் நடுவில் இரண்டாகப் பிளந்தது.

நிக்கோலாசா பார்த்துக்கொண்டேயிருந்தாள். "இங்கயும் சேர மாட்டேங்குறானுங்க."

"தப்பு என்னுது, அக்கா. சூடு பத்தல. கூட்டினா ஒட்டும், ஆனா சேர்ற எடத்துல கொஞ்சம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். கைமீறினா மொத்தமும் ஒரே நிறமாயிடும். நீங்கதான் சொல்லணும்."

தகரக்கூரையில் மழை கொட்டியது. துருத்தியில் காலை வைத்தபடி நான் காத்திருந்தேன்.

"அண்ணங்காரன் தோண்டத்தான போனான்," என்றாள் நிக்கோலாசா. என்னைப் பார்த்து, "மிதி."

துண்டுகளுக்குப் பற்றவைக்கும் வெங்காரம் தடவி, சேர்த்து இறுக்கி, தொமித்திலா கரிக்குள் வைத்தாள். பழுத்த சொந்தாதூரோப் பனம்பழத்தின் செந்நிறம் வந்ததும் கையை உயர்த்தினாள். நிறுத்தினேன். ஆறியதும் வெளியே எடுத்தாள்.

ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெளிர். நடுவே மயிரிழை அகலத்துக்கு இரண்டும் கலந்த நிறம். நிக்கோலாசா கட்டைவிரலால் அதையே திரும்பத் திரும்பத் தடவினாள்.

"கண்ணுக்குத் தெரியுது. வெரலுக்குத் தெரியல," என்றாள். கழுத்தில் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தாள்.

தொமித்திலா கரியை அணைக்கச் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது அன்று மட்டும்தான்.