ஜன்னல் சீட்டும் சாட்சிக் கூண்டும்

கோர்ட் நாவல் கையில் இருந்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரே புத்தகத்தை நாலு பேர் மாற்றி மாற்றிப் படிப்போம். குற்றவாளி யாரென்று தோன்றியதும், பெயரையும் பக்க எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதி டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். குறைந்த பக்கத்தில் சரியாகப் பிடித்தவருக்கு அடுத்த வாரம் முழுக்க ஜன்னல் சீட்.

அது பெரும்பாலும் என் பக்கத்து மெஷின் அண்ணனுக்குத்தான் போகும். எனக்கு வயிற்றெரிச்சல். "எப்டிண்ணா கண்டுபுடிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வக்கீலு இன்னா கேக்குறான்னு பாக்காத. இன்னா கேக்காம உடுறான்னு பாரு."

அதன்பிறகு நாவல் இன்னும் ருசித்தது. கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டே, வீடு திரும்பும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் கோட்டை விட்டிருக்கிறேன்.

பிறகு அண்ணனுக்கு மெஷினில் இரண்டு விரல்கள் போயின. அவருடைய கவனக்குறைவு என்று சொல்லி வேலையிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். வேலையைத் திரும்பக் கேட்டு அவர் வழக்குப் போட்டார். நேரில் பார்த்தவள் நான் என்பதால், கம்பெனி என்னைத் தன் சாட்சியாகத் திருவள்ளூர் கோர்ட்டுக்கு அழைத்துப்போனது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுமா, போதும்" என்றார் சூப்பர்வைசர்.

பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஆவலாகவும் இருந்தது. நிஜக் கோர்ட்டில் வக்கீல்கள் கத்தவில்லை, மின்விசிறிதான் கத்தியது.

"மெஷின் ஓடும்போது கையை உள்ளே விட்டாரா?"

"ஆமாங்க."

கம்பெனி வக்கீல் அதோடு முடித்துக்கொண்டார். கை படாமல் தடுக்கும் கம்பி மூடியை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் விபத்து நடந்த அன்று காலையில்தான் கழற்ற வைத்திருந்தார். அண்ணன் அதைச் சொல்லியும் நம்ப ஆளில்லை. பார்த்த இன்னொருத்தி நான் மட்டுமே. வாயைத் திறந்தால் என் வேலைக்கும் உலை. இருந்தாலும் அண்ணனின் வக்கீல் அதைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கம்பெனி சாட்சி தனக்கு எதிராகத்தான் பேசும் என்று நினைத்தாரோ என்னவோ, "கேள்வி ஏதும் இல்லை" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இறங்கிப்போகும் சாட்சிகளை நாவல்களில் எத்தனை முறை திட்டியிருப்பேன்! "இறங்கும்மா" என்றார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, மெஷினு மூடி எங்க போச்சுன்னு யாருமே என்னிய கேக்கலியே. நான் சொல்லட்டுமா?"