முதுகு மட்டும் தெரிகிற துரை

சுலோசனாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பூக்காரி முழம் போட்டால், தன் கையால் இன்னொரு தடவை அளந்து பார்த்துத்தான் வாங்குவாள். எல்லையோரத் தமிழ்க் கிராமம் மார்டள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்து, அக்ரஹாரத்துச் சந்தில் கீழும் மேலுமாக வீடு கட்டியவள் அவள். கண்டவனை நம்பியிருந்தால் அந்த வீடு எழும்பியிருக்குமா? அப்பேர்ப்பட்டவளின் மாடியில் போய்க் குடியேறினார் டெரிக் துரை. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இங்கிலாந்திலிருந்து ஒரு போன்கூட வராது. என்ன வேலை என்று கேட்டால், சினிமா நடிகராம்!

பக்கத்து வீட்டு மாதேவி கன்னடத்துக்காரி. சுலோசனாவிடம் பேசினால் தமிழும் கன்னடமும் கலந்து கொட்டும். அவள்தான் முதலில் கொளுத்திப் போட்டாள்.

"நோடு சுலோசனா, சினிமாக்காரன்னா ஒருத்தனாவது செல்பி எடுக்க வரமாட்டானா? அவன் ஊர்ல என்ன பண்ணிட்டு ஓடி வந்தானோ! நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மனெ முன்னாடிதான் ஜனம் கூடும் கணே."

புருஷன் அய்யாசாமி சாது. "காகிதமெல்லாம் சரியாத்தான இருக்குது புள்ளே. அவரு பாட்டுக்கு இருந்துட்டுப் போறாரு" என்றான்.

"காகிதத்த எவன் வேணாலும் அடிச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள் சுலோசனா.

"ஏனுங் தொரை, நீங்க நடிச்ச படத்தக் காட்டுங், பாக்கலாம்."

பல வருஷம் மைசூரில் இருந்து அவருக்குப் பிழைக்கிற அளவுக்குத் தமிழும் கன்னடமும் வந்திருந்தது. ஆசையோடு போனை எடுத்தார். ஓர் இங்கிலீஷ் படம். ராஜா மாதிரி ஒருவன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். ஓரத்திலிருந்து சூப்புக் கிண்ணத்தோடு ஒரு கை நீளுகிறது. "அது நான்" என்றார். இன்னொன்றில் போலீஸ்காரனின் முதுகு. அதுவும் அவர்தானாம். இன்னொன்றில் செத்துக் கிடக்கிறவனின் பூட்ஸ். கடைசியாக ஒரு கன்னடப் படம்; புழுதிக்குள் தொப்பி போட்ட ஜெனரல், குதிரையிலிருந்து விழுகிறார்.

"மூஞ்சி எங்கீங்?"

"மூஞ்சி ஹீரோவுக்கு, சுலோசனம்மா. நான் எப்பவும் பின்னாலே."

முதுகைக் காட்டியே ஒரு மனுஷன் ஆயுசு பூரா பிழைக்க முடியுமா? எல்லா வெள்ளைக்காரன் முதுகும் ஒரே முதுகுதானே, எதை வைத்து நம்புவது? சுலோசனாவுக்குச் சந்தேகம் இரண்டு பங்காகிவிட்டது.

"மூஞ்சி தெரியற படம் ஒண்ணு காட்டுங். இல்லாட்டி வர்ற மாசம் வேற வீடு பாத்துக்கோங்."

துரையின் முகம் சுண்டிவிட்டது. இந்த மாடி கிடைப்பதற்குள் எத்தனை வாசலில் இல்லை என்ற பதிலை வாங்கியவர்! ஊருக்குத் திரும்பினால் தங்கிக்கொள்ள ஒரு வீடு கிடையாது. போனை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வியாழக்கிழமை ஷூட்டிங். நீங்களே வந்து பாருங்க."

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் அவள் போனாள். அய்யாசாமி ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் வழியில் ஒரு பழைய பங்களா. துரை சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு நின்றார். ஹீரோ சுட்டான், துரை விழுந்தார். கேமரா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஹீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரியில்லை என்று மறுபடி சுடச் சொன்னார்கள். மறுபடி விழுந்தார். வயசாளியை இப்படியா மண்ணில் உருட்டுவார்கள் என்று சுலோசனாவுக்கு நெஞ்சு பதைத்தது. சீ, இதுவும் நடிப்பாக இருக்கும் என்று அதை அடக்கிக்கொண்டாள்.

ஓகே என்றார்கள். எல்லாரும் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்கள். துரை மட்டும் எழுந்திருக்கவில்லை. கண் மூடியபடியே வெயிலில் கிடந்தார். சுலோசனா முந்தானையை இழுத்துச் செருகினாள். ஓடினாள்.

"தொரை! ஐயோ தொரை! எந்திரிங்!"

ஒரு கண் திறந்தது. "சிரிக்கணும். கேமரா இன்னும் வரலை."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படுத்தபடியே அவர் சொன்னார். "இங்கே செத்த மாதிரி நடிச்சா, எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். அதையும் எடுப்பாங்க. இல்லைன்னா ஆகாதுன்னு உங்க ஊர் வழக்கம். எங்க ஊர்ல நிறைய செத்திருக்கேன். செத்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவாங்க. இங்கேதான் முதல் தடவையா கேமராவை என் மூஞ்சிக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்குத்தான் சுலோசனம்மா, இங்கேயே இருந்துட்டேன்."

சாப்பாட்டுத் தட்டோடு வந்த ஷூட்டிங் மேனேஜர் விஜய்குமாருக்கு எரிச்சல். "அதெல்லாம் பெரிய ஆர்ட்டிஸ்டுக்குத்தாம்மா. சைடு ஆக்டருக்கெல்லாம் எடுத்துட்டிருந்தா பொழுது போயிடும். எழுந்திரிக்கச் சொல்லுங்க."

வந்ததே கோபம் சுலோசனாவுக்கு!

"உங்க ஹீரோ உசுருதான் உசுரா? இந்த மனுசனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வீட்டு மாடியிலதானய்யா ஆகும்? நீ வந்து தூக்குவியா? செத்தவர மண்ணுல போட்டுட்டு அவனவன் சோத்துக்குப் போறீங்களே! கொண்டாங்கய்யா அந்தக் கேமராவ!"

சாப்பிட்ட கையோடு நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். இவளோடு மல்லுக்கட்டுவதைவிட எடுத்துத் தொலைப்பது சுலபம் என்று கேமராவைத் திருப்பினார்கள். துரை எழுந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்திலிருந்த டிவிப் பெட்டியில் முழுசாக அந்த முகம் வந்தது. புருவமெல்லாம் புழுதி, கடைவாயில் ஒரு பல் இல்லை, சின்னப் பிள்ளைக்கு வருகிற சிரிப்பு. சுலோசனாவுக்கு அழுகை வந்துவிட்டது. வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

"இது எப்பங் படத்துல வரும்?" என்று விஜய்குமாரிடம் கேட்டாள்.

"இது வராதும்மா. திருஷ்டிக்கு எடுக்கறதை எவன் படத்துல சேர்ப்பான்?"

சாயங்காலம் மாதேவி வாசலிலேயே காத்திருந்தாள். "மூஞ்சி நோடிதியா?"

"பாத்தேன்."

"எந்தப் படத்துல?"

"எதுலயும் வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த டூ-லெட் பலகை மறுநாள் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

அதற்காகச் சுலோசனா திருந்திவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். இப்போது அவள் சந்தேகமெல்லாம் சினிமாக்காரர்கள் மேல். துரை ஷூட்டிங் முடிந்து வரும்போதெல்லாம் மாடிப்படியை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"சிரிச்சாச்சுங்களா?"

"ஆச்சு சுலோசனம்மா."

அவள் நம்புவதில்லை. "எங்கீங், சிரிங் பாக்கலாம்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வாசல் விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்க வேண்டும். முழு முகத்தையும் பார்த்த பிறகுதான் படியை விட்டு நகர்கிறாள்.