ஐந்தாவதாக ஆடியவள்

உங்கள் அக்கா பள்ளியில் ஷட்டில் ஆடினாள் என்று சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் நம்புவதில்லை. கைக்குழந்தையும் பையுமாக வந்து இறங்குகிற அக்காவைத்தான் உங்களுக்குத் தெரியும். அவள் எட்டாவது படித்தபோது திருத்தணியில் நடந்த ஒரு போட்டியைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பெரியவனே, அப்போது நீ தூளியில் கிடந்தாய். சின்னவள் பிறக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொதட்டூர்பேட்டையில் அவள் படித்த பள்ளியில் பெண்கள் அணி என்று ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பள்ளிகள் மோதினால் ஐந்து ஆட்டம். ஒவ்வொருத்தியும் எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தியோடு தனியாக ஆடுவாள். மூன்று ஆட்டம் யார் ஜெயிக்கிறார்களோ அந்தப் பள்ளி ஜெயித்தது. அதனால் எல்லா டீச்சர்களும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். நன்றாக ஆடுகிறவளை முதலில் போடுவார்கள், சுமாராக ஆடுகிறவளைக் கடைசியில் போடுவார்கள். மூன்றாவது நான்காவது ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும். ஐந்தாவது பெண் பேட்டை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டிவிட்டு வருவாள்.

உங்கள் அக்காதான் அந்த ஐந்தாவது பெண். ஒன்றரை வருஷமாக அணியில் இருந்தாள். வெளியூரில் ஒரு தடவைகூடக் கோட்டுக்குள் இறங்கியதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. பஸ்ஸில் போவது பிடிக்கும், புளிசாதம் பிடிக்கும். அவ்வளவுதான்.

ஆனால் பயிற்சியை விடமாட்டாள். காலையில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடுகிற நம் தெரு சாயங்காலம் காலியாக இருக்கும். நீளமான, மேடுபள்ளம் இல்லாத தெரு. அங்கே கயிறு கட்டிக்கொண்டு நானும் அவளும் ஆடுவோம். எனக்கு ஆட்டம் தெரியாது. பள்ளியில் கொடுத்த பழைய பேட்டைப் பிடித்து, நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்த கையால் அடிப்பேன். இவளை ஓட வைக்க வேண்டும் என்று ஒன்று இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் என்று போடுவேன். அவளும் அப்படியே திருப்பிப் போடுவாள். "மாத்தி மாத்திப் போடுமா, அப்பதான் எதிர்ல இருக்கறவ களைச்சிப் போவா" என்று பெரிய வாத்தியார் மாதிரி சொல்லியும் கொடுத்தேன்.

திருத்தணிப் போட்டிக்குத் துணைக்கு ஒரு பெற்றோர் வர வேண்டும் என்று டீச்சர் கேட்டதால் அன்றைக்குத் தறியை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் பஸ் ஏறினேன். மலைக்குக் கீழே ஒரு பள்ளி மைதானம். நம் பக்கத்துப் பள்ளிகளும் எல்லை தாண்டி ஆந்திராப் பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்து ஆடுகிற போட்டி அது. நடத்தியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். போன வருஷம் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் பிள்ளைகள் ரொம்ப அவதிப்பட்டார்களாம். எல்லாரும் பொழுதோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஆட்டத்தின் கணக்கையே மாற்றிவிட்டார். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்.

ஐந்து பேரும் கட்டாயம் ஆட வேண்டும். முதல் பெண்கள் ஆடும்போது எந்தப் பக்கம் முதலில் பத்து பாயிண்ட் தொடுகிறதோ, அதோடு அவர்கள் வெளியே வர வேண்டும். அடுத்த பெண்கள் இறங்கி, விட்ட எண்ணிக்கையிலிருந்தே இருபது வரை. அப்புறம் முப்பது, நாற்பது. கடைசிப் பெண்கள் ஆடும்போது ஐம்பதை முதலில் தொடுகிற பள்ளி ஜெயித்தது. முன்பு சர்வீஸ் போடுகிறவருக்குத்தான் பாயிண்ட். இனிமேல் சர்வீஸ் யார் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு பாயிண்ட்.

எனக்கு உடனே புரிந்தது. தறியில் பழைய பாவு தீர்கிற இடத்தில் புதுப் பாவைப் பிணைத்து மேலே நெய்துகொண்டு போகிறோமே, அந்த மாதிரி. நல்ல யோசனையாக இருக்கிறதே என்று திரும்பினால் உங்கள் அக்கா முகம் வெளுத்துப் போய் நிற்கிறாள்.

"நைனா, வயிறு வலிக்குது. ஊட்டுக்குப் போலாம்."

"இன்னாம்மா திடீர்னு?"

"கடைசியில நான்தான் ஆடணும். நாலு பேரு சேத்து வச்சத நான் போயி தொலச்சிட்டு வரணுமா?"

விஷயம் இதுதான். புது முறை பற்றிய காகிதம் பத்து நாளைக்கு முன்பே பள்ளிக்கு வந்திருக்கிறது. டீச்சர் அதை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டு மறந்துவிட்டார். வழக்கம்போலப் பெயர்களை எழுதி அனுப்பியாகிவிட்டது. வரிசையை மாற்ற முடியுமா என்று பெரியவரிடம் போய்க் கேட்டார். "எழுத்துல குடுத்தாச்சி இல்லம்மா, ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க" என்று அவர் சொல்லிவிட்டார். எங்களோடு ஆட வேண்டிய நகரிப் பக்கத்துப் பள்ளி காகிதத்தை ஒழுங்காகப் படித்திருந்தது. அவர்களுடைய நல்ல ஆட்டக்காரி ஐந்தாவதாக இருந்தாள். இரட்டைச் சடை போட்ட உயரமான பெண்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் நாலு பேர்தான் மிச்சம். அணி ஆட முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"இங்க பாரும்மா. நானும் அம்மாவும் ஒரே லுங்கிய மாத்தி மாத்தி உக்காந்து நெய்யறோம். வாங்கறவன் எது யாரு கைன்னு கேக்கறானா?"

"அவன் கேக்கமாட்டான். அம்மா கேப்பாங்க. நீ நெய்ஞ்ச எடம் தொளதொளன்னு கீதுன்னு தெனமும் கேக்கறாங்க இல்ல?"

முதலாவதாக ஆடுகிற பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. அவள்தான் அக்காவின் சடையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், நாங்க உனக்கு ஏழெட்டு பாயிண்ட் கூட வச்சி குடுக்கறோம். நீ சும்மா நின்னுகினு இருந்தாலே காக் தானா வந்து பேட்ல படும். இன்னா பெரிய வயித்து வலி? புளிசாதம் துன்னும்போது வலிக்கலயா?"

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று மறுபடி கேட்கவும் இல்லை.

சொன்னபடியே அந்தப் பெண் பத்துக்கு ஆறு என்று முடித்துக் கொடுத்தாள். இரண்டாவது பெண் இருபதுக்குப் பதினைந்து. மூன்றாவது பெண் காற்றில் தடுமாறிப் பதின்மூன்று பாயிண்டை விட்டாள். எப்படியோ முப்பது இருபத்தெட்டு. நான்காவது பெண் கொஞ்சம் குண்டு, ஓடமாட்டாள், ஆனால் அவள் கைக்கு வந்த காக் தப்பாது. நாற்பதுக்கு முப்பத்து மூன்று. ஏழு பாயிண்ட் முன்னால் இருந்தோம். நான்காவது பெண் வெளியே வந்து, காக் பந்தைப் பாவாடையில் துடைத்து அக்கா கையில் கொடுத்தாள். அக்கா ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே போனாள்.

முதலில் மூன்று பாயிண்ட் எடுத்தாள். இடது, வலது, இடது, வலது. அந்த உயரமான பெண் அலைந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பட்டாணிக்காரரிடம், "எம் பொண்ணு" என்றுகூடச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அலைவது நின்றது. அக்கா அடிப்பதற்கு முன்பே அந்தப் பெண் அடுத்த மூலைக்கு நடந்து போய் நிற்க ஆரம்பித்தாள். ஓடவில்லை, நடந்தாள். காக் நேராக அவளிடம் போயிற்று. வெளியே விழுந்த காக்கை எடுக்க நான் நின்ற பக்கம் வந்தவள், கோட்டோரம் இருந்த தன் தோழியிடம் தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். நம் வீட்டிலும் தெலுங்கு உண்டே, எனக்குப் புரிந்தது. "நம்ம ஊட்டுத் தறியில நாடா போற மாதிரி ஆடறா. இந்தப் பக்கம் வந்தா அடுத்தது அந்தப் பக்கம்தான்."

அவளும் நெசவு வீட்டுப் பெண். நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும், அங்கிருந்து திரும்பி இங்கே வரும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு அதைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? என் பெண் ஆடவில்லை. நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வருஷமாகத் தறியில் பழகிய என் கையை அவளுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அவர்கள் நாற்பத்தைந்து தொட்டார்கள். நாம் நாற்பத்து மூன்றிலேயே நின்றோம். நாற்பத்தைந்தில் பக்கம் மாற வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். செம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ரெண்டு தடவ ஒரே பக்கம் போடும்மா."

"தெரியும் நைனா. அவ சொன்னது எனக்கும் கேட்டுது. கை வர மாட்டேங்குது." தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஈரம் இருந்தது. ஆனால் அழவில்லை. "எண்ணிக்கினே போடறேன்."

அப்புறம் அவள் உதடு அசைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வலது. இரண்டும் வலது. உயரமான பெண் இடது மூலையில் போய் நிற்க, காக் ஆள் இல்லாத இடத்தில் விழுந்தது. நம் பிள்ளைகள் நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு பாயிண்டும் இழுத்துக்கொண்டு போயிற்று. நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. கடைசியில் நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. அடுத்த பாயிண்ட் யாருக்கோ அவர்களுக்கு வெற்றி என்று பெரியவர் அறிவித்தார்.

அந்தக் கடைசிப் பாயிண்டுக்கு இருபது தடவைக்கு மேல் காக் வலையைத் தாண்டியிருக்கும். அக்கா வலது பக்கம் போட்டாள். மறுபடியும் வலது போட்டாள். அடுத்ததும் வலது போட்டிருந்தால் காலி இடம். ஆனால் மூச்சு வாங்கியதில் எண்ணுவதை விட்டுவிட்டாள். கை தன் பழக்கத்துக்கு இடது பக்கம் போயிற்று. அங்கே அந்தப் பெண் நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பின்பக்க நீள சீட்டில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஜன்னலோரம். பஸ் கே.ஜி.கண்டிகையைத் தாண்டியது. முன் சீட்டில் டீச்சரும், எதிரே நானும். அவளை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

முதல் பெண்தான் ஆரம்பித்தாள். "அந்த ஒரு பாயிண்ட் என்னுது. ஆரம்பத்துலயே ரெண்டு சர்வீஸ வலையில போட்டேன்."

"நீ விட்டது ஆறு. நான் விட்டது பதிமூணு. இன்னா கணக்கு போடற?" என்றாள் மூன்றாவது பெண்.

"காத்து மேல பழியப் போட்ட இல்ல, அப்ப உன்னுது சேராது."

"சேரும்."

"நான் ஒரு காக்க வெளிய போவுதுன்னு விட்டேன். உள்ள வுழுந்துச்சி," என்றாள் நான்காவது பெண். "குனிய சோம்பேறித்தனம். அதான் அந்த ஒண்ணு."

நாற்பத்தொன்பது என்று ஒரே எண்தான் பலகையில் இருந்தது. அதில் எது யாருடையது என்று பிரித்துக் காட்ட முடியாது. அதனால் ஆளுக்கு ஆள் அந்தக் குறைந்த ஒன்றைத் தன் பக்கம் இழுத்துச் சண்டை போட்டார்கள். இப்படியும் ஒரு சண்டையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டீச்சர் திரும்பிப் பார்க்காமலே, "பட்டியல எழுதி அனுப்பினது நான்மா" என்றார்.

மற்றவர்கள் அடங்கிய பிறகு நான் எழுந்துபோய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னேன். "மாத்தி மாத்திப் போடுன்னு சொல்லிக்குடுத்தது நான்மா. எனக்கு வேற தெரியல. அந்தக் கடைசி அடி என்னுது."

அவள் என் விரல்களைப் பார்த்தாள்.

"ஆங், ஒன்னுதுதான். ஆனா ஒம்போது பாயிண்ட் எடுத்ததும் அதே கைதான நைனா."

பொதட்டூர்பேட்டை வந்து இறங்கும்போது டீச்சர் அக்காவின் தோளைத் தொட்டார். "அடுத்த வருஷமும் இதே முறைதானாம். உன்ன மூணாவதா போட்டுடறேன். பயப்படாத."

அக்கா என்னைப் பார்த்தாள், அப்புறம் மற்ற நாலு பேரையும் பார்த்தாள்.

"அஞ்சாவதே போடுங்க டீச்சர்."

"பார்றா, காத்தால ஊட்டுக்குப் போலாம்னு அழுதவ இவதான்" என்றாள் முதல் பெண். "கேக்கறதப் பாரு, கேக்கறத."

அக்கா அவள் முதுகில் பேட்டால் ஒன்று வைத்தாள்.