ஒன்பதாம் மலையில் நான் கண்ட புதுப் பூச்சி

"கொழுந்து எடுக்கிறவ மக பூச்சி எண்ணப் போறியா? நூறுக்கு மேல எண்ணத் தெரியுமா புள்ள?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலையில் காட்டுவோம் என்று நினைத்தேன்.

ஹட்டனுக்குக் கீழே வெப்பமான தோட்டங்களில் இருந்த வண்டு மெல்ல மேலேறி எங்கள் தோட்டத்துக்கும் வந்திருந்தது. தேயிலைக் கிளையைத் துளைத்து உள்ளே குடியிருக்கும். காற்றடித்தால் கிளை முறியும். தோட்டத்தில் எண் போட்டுப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை; மலைக்கு மலை கிளைகளைப் பிளந்து துளைகளை எண்ணிப் புத்தகத்தில் பதிவதே என் வேலை. துளை மிகுந்த ஐந்தாம் மலைக்கு மருந்தடித்தார்கள். வண்டு குறைந்தது. சில மாதங்களில் இலையைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழு அங்கே பெருகியது.

மருந்தடிக்காத ஒன்பதாம் மலையிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சுருண்ட இலைகள் இருந்தன. பிரித்துப் பார்த்தேன். உயிருள்ள புழு இல்லை, தோல்தான் கிடந்தது. பக்கத்தில் பழுப்பு நிறக் குட்டிக் கூடுகள், கொத்தாக. "புதுப் பூச்சி" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

"பரவாயில்ல, ஒனக்குக் கண்ணு இருக்கு" என்றார் கண்டாக்கு ஐயா. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொல்லி ஒன்பதாம் மலையை மருந்துப் பட்டியலில் சேர்த்தார். அன்று எங்கள் லயத்து வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போனேன்.

சில கூடுகளை ஜாம் போத்தலில் தளிரோடு போட்டுத் துணி கட்டி வைத்திருந்தேன். நான்காம் நாள் மெல்லிய குளவிகள் வெளிவந்தன. தளிரைத் தொடவேயில்லை. புழுவைத் தின்று வளர்ந்தவை அவை. ஐந்தாம் மலைக்கு ஓடி நூறு சுருள்களைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. ஒரு கூடுகூட இல்லை.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னேன். "ஐயா, அது புழுவத் தின்னுற பூச்சிங்க. மருந்தடிச்சா அது செத்துரும், புழுதான் மிஞ்சும்."

"நீதானே செவப்பு மையில எழுதுன?"

"தப்பா எழுதிட்டேங்க."

"அத நான் போயி தொரைகிட்ட சொல்லணுமா? மருந்து வந்து எறங்கிருச்சு. போ புள்ள, போ."

அன்றே அடித்தார்கள். சில மாதங்களில் ஒன்பதாம் மலையும் சுருண்டது. திட்டு விழுந்ததோ கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு. "சுருண்டதயெல்லாம் கூடையில போடுறீங்க, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கண்டாக்கு ஐயா கத்தினார். அந்த வரிசையில் அம்மாவும் நின்றாள். பின்னால் நின்ற ராசம்மா அக்கா கேட்டாள்: "ஏக்கா, ஒங்க மக கண்டுபுடிச்ச பூச்சிதானே இது?" அம்மா கூடையிலிருந்து சுருண்ட இலைகளைப் பொறுக்கி எறிந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பூச்சி எதைத் தின்கிறது என்று பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இப்போது பதினோராம் மலை பட்டியலில் ஏறியிருக்கிறது. கண்டாக்கைத் தாண்டி துரையிடம் போனால் வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று காலை ஆபீசுக்குப் போய், அந்த மலைக்கு மருந்து வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைத் துரையின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். 'பிழை என்னுடையது' என்பது அதன் முதல் வரி.