காபி போட்டுத் தந்த மனைவிக்கு

பிச்சுமணி விமர்சனம் எழுதினால் நாவலாசிரியர்களுக்கு ஒரு வாரம் தூக்கம் போய்விடும். நியூஜெர்சியில் காலேஜில் இலக்கியம் நடத்தியவர், ஐந்து தமிழ் நாவல்களை இங்கிலீஷில் கொண்டுவந்தவர். அடுத்தவன் எழுத்தில் எறும்பு ஊர்ந்தாலும் பிடித்துவிடுகிற மனுஷர், சொந்த வீட்டில் கோட்டை விட்டார் பாருங்கள்.

மனைவி ருக்மிணி குழந்தைகள் டாக்டர். பார்சிப்பனியில் கிளினிக் முடிந்து அவள் வந்ததும், அன்றைக்கு மொழிபெயர்த்ததை இவர் வாசிப்பார். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"குழந்தையைப் பறிகொடுத்தவ இவ்வளவு பேசமாட்டா. பாதியை வெட்டுங்கோ" என்பாள்.

இவர் முறைப்பார், மல்லுக்கு நிற்பார், மறுநாள் சத்தமில்லாமல் வெட்டிவிடுவார். ஐந்து புத்தகமும் இப்படித்தான் உருப்பட்டன.

ஐந்தாவதுக்கு ஐசலினில் வெளியீட்டு விழா. வாழ்த்திப் பேசவந்த இளமாறன், முன்னுரையில் பிச்சுமணி எழுதியிருந்த நன்றிப் பகுதியைத் தமிழில் சொல்லிக்காட்டினார். புரொபசர்கள், எடிட்டர், நிதி கொடுத்தவர்கள் என்று எல்லோர் பேரும் வந்தது. கடைசியாக, "சலிக்காமல் காபி போட்டுத் தந்த என் மனைவிக்கு." சபை சிரித்துக் கைதட்டியது. பின்னாலிருந்து ஒருத்தர், "ஆன்ட்டி, எங்களுக்கும் ஒரு காபி" என்றார். ருக்மிணியும் சிரித்தாள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வீட்டில் காலங்காலமாகக் காபி போடுவதே பிச்சுமணிதான். எல்லார் முன்னுரையிலும் அப்படி ஒரு வரி இருக்கும், இவரும் பழக்கதோஷத்தில் எழுதித் தொலைத்தார்.

காரில் திரும்பும்போது, "கோவமா ருக்கு?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றாள்.

அடுத்த நாவலை மொழிபெயர்க்க ஆரம்பித்தார். முதல் அத்தியாயத்தை வாசித்ததும் "நன்னாருக்கு" என்றாள். இரண்டாவதுக்கும் அதேதான். அசட்டு மனுஷர், முதலில் பூரித்துக்கூடப் போனார். அப்புறம் சந்தேகம் தட்டியது. ஒருநாள் வேண்டுமென்றே, சாவு வீட்டில் ஒரு தாய் மேடைப் பேச்சாளர் மாதிரி அழுவதாக எழுதி வாசித்தார்.

"நன்னாருக்கு. சாதம் வைக்கட்டுமா?"

தப்பென்று சொல்ல அவள் இல்லாவிட்டால் தன்னால் ஒரு பக்கம்கூட நம்பி எழுத முடியாது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. நாவல் பாதியில் நின்றது.

பதிப்பகத்தோடு பேசி, ஐந்தாவது புத்தகத்தின் மறுபதிப்பு அட்டையில் மொழிபெயர்ப்பாளராகத் தன் பேரோடு அவள் பேரையும் போடவைத்தார். அட்டை வந்ததும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் ருக்கு. இதைப் பார்த்துட்டு என்ன தோணறதோ சொல்லு. திட்டணும்னாலும் திட்டு."

ருக்மிணி கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். என் பேரை ஏன் கீழே போட்டேள் என்றாவது கேட்டுவிடமாட்டாளா என்று அவருக்கு உயிர் துடித்தது.

"நன்னாருக்கு" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்ச வெண்டைக்காயை நறுக்க உட்கார்ந்தாள்.