அப்பாவின் டாக்டர் அம்மாவைப் பார்த்த நாள்

அப்பாவுக்கு நெஞ்சில் லேசாகக் குத்தினாலும் டைரியில் குறித்துவைப்பார். மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்தில் இருதய டாக்டரிடம் அவரை அழைத்துப்போக, பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு நான் லீவு போடுவேன். அம்மாவும் மாத்திரைப் பையோடு வருவாள்.

போன வருஷம் ஒருநாள், டாக்டர் டைரியைப் படித்து முடித்துவிட்டு அம்மாவின் கால்களைப் பார்த்தார். இரண்டும் வீங்கியிருந்தன.

“எத்தனை நாளா இப்படி இருக்கு அம்மா?”

“ஆறு மாசம் இருக்கும். நடந்தா மூச்சு முட்டறது. வயசாயிடுத்தோன்னோ? நீங்க அவரைப் பாருங்கோ.”

அன்றைக்கே அவளை அட்மிட் செய்தார்கள். இருதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். படுக்கையில் கிடந்தும் அம்மா என்னிடம் கேட்டதெல்லாம், “அப்பா மாத்திரை போட்டுண்டாரா?” என்பதுதான். பத்தே நாளில் போய்விட்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா” என்று அப்பா இன்றும் புலம்புகிறார். நீங்கள் கேட்டீர்களா என்ற கேள்வி வாய்வரை வரும். ஆனால் நானும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பின்தங்கி நின்றபோதெல்லாம், “டோக்கன் போயிடும், சீக்கிரம் வாம்மா” என்று அவசரப்படுத்தியவன் நான்தான்.