சொல்லாமல் ஒடித்த கம்பு

போன வாரம் கூரியர்காரர் ஒரு நீளமான அட்டைப்பெட்டியை வாசலில் வைத்து, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். சென்னையில் இருக்கும் மகள் ஆர்டர் போட்டிருக்கிறாள். பிரித்தால் கசக்கிய காகிதத்துக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் பட்டன் ரோஜாச் செடி. கூடவே வழவழப்பான தாளில் அச்சடித்த குறிப்பு. நல்ல வெயிலில் வைக்கவும், வேரில் தண்ணீர் தேங்க விடவேண்டாம், செடியுடன் அன்பாகப் பேசவும். அன்பாகப் பேச வேண்டுமாம்! இந்த இனச் செடியை வைத்துக்கொண்டு ஊரோடு நான் போட்ட சண்டை எனக்கல்லவா தெரியும்.

பெட்டியிலிருந்து நனைந்த தேங்காய்நார் வாடை வந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்கு ரயில் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஆபீசில் ட்ரெய்னிங் என்று பெங்களூருக்கு அனுப்பினார்கள். ட்ரெய்னிங்கில் என்ன படித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே ஒரு நர்சரியில் இந்தச் செடியைப் பார்த்தேன். இலை பச்சைப்பிள்ளையின் நகம் போல, பூ சட்டைப் பொத்தான் அளவு, ஆனால் பெரிய ரோஜாவுக்கு உள்ள அத்தனை அடுக்கும் அதற்குள் இருந்தது. வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு நாகர்கோவில் வரை வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் தூங்கித் தூங்கி அதன்மேல் சாய்ந்தார். முள் குத்தி எழும்பும்போதெல்லாம் என்னை முறைத்தார், நான் குத்தினாற்போல.

வெட்டூர்ணிமடத்தில் இதே வீட்டில்தான் அப்போது வாடகைக்கு இருந்தோம். அடுக்களை என் மாமியாருடையது. முன்னறை மாமனாருடையது. பீரோவில் ஒரு தட்டு எனக்குக் கொடுத்திருந்தார்கள், அதிலும் பாதி மாமியின் கல்யாணப் பட்டு. வாசல்படிக்குப் பக்கத்தில், மதிலை ஒட்டி, காலையிலிருந்து மத்தியானம்வரை வெயில் விழுகிற ஒரு முழ இடம் கேட்பாரில்லாமல் கிடந்தது. அங்கே ஒரு பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் சாணிப்பொடியும் கலந்து செடியை வைத்தேன். அந்த வீட்டில் என்னுடையது என்று நான் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே பொருள் அதுதான். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயம்.

முதல் பூ விரிந்த அன்று மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது எப்ப மக்ளே பெரிசாவும்?"

"இவ்வளவுதான் மாமி. இதுக்க வளர்ச்சியே இவ்வளவுதான்."

"இத யாரு தலையில வப்பா? பேனு வப்பாளா?"

வீடு முழுக்க ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பேப்பர் இருந்தது.

அதுகூடப் போகட்டும். பெரிய தலைவலி மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெயர் கிளாரா அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மதில் என்றால் இடுப்பளவுதான், பேசுவதற்கென்றே கட்டினதுபோல் இருக்கும். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்து பார்க்கிறேன், என் செடியில் ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிறது. எட்டிப் பார்த்தால் கிளாரா அக்காவின் வீட்டுப் பக்கம் ஒரு பால்பொடி டின்னில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பு நட்டிருக்கிறது. நுனியில் சாணி உருண்டை வேறு.

"அக்கா, இது எனக்க செடிக்க கம்புதானே?"

"ஆமா. பொறவு?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நல்ல கத! கேட்டு வாங்குன ரோசாக் கம்பு பிடிக்குமா? சொல்லாம ஒடிச்சாத்தான் வேரு விடும். இதுகூடத் தெரியாம நீ என்னத்தட்டி படிச்ச?"

எங்கள் பக்கத்தில் இது வேதவாக்கு. ரோஜாக் கம்பைக் கேட்டு வாங்கக் கூடாது. தெரியாமல் ஒடித்துக்கொண்டு வந்து நட்டால்தான் தழைக்கும். நல்ல பனை உயரம் வளர்கிற நாட்டு ரோஜாவுக்கு அது சரி, ஒன்று போனால் ஒன்பது முளைக்கும். ஒரு சாண் செடியில் ஒரு கிளையை ஒடிப்பது கையைப் பிடுங்குகிற மாதிரி அல்லவா? இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? கிளாரா அக்காவைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். பால் ஊற்ற வருகிறவள், ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள், எல்லாருக்கும் என் வீட்டு வாசலில் செருப்பு மாட்ட ரொம்ப நேரம் பிடித்தது. பைபிளுக்குள் கம்பை வைத்துக்கொண்டு போன ஒரு மகராசியை நானே கண்ணால் பார்த்தேன். களவு செய்யாதிருப்பாயாக என்று எழுதியிருக்கிற புத்தகம்!

எனக்குத் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதில் அருகே நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கிளாரா அக்கா விடுவாரா? "சவத்த, ஒரு கம்புக்கு இந்தப் பேச்சா? கொண்டு போய் உனக்க ஆபீசுல பூட்டி வையி" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. மதில் அதே இடுப்பளவு மதில்தான். ஆனால் எதிரெதிரே துணி காயப்போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நிஜத்தைச் சொல்கிறேன், சண்டையைவிட அதுதான் சிரமமாக இருந்தது. ஆபீஸ் கதையைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது.

இந்த லட்சணத்தில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று களியக்காவிளைக்குப் போய்ச் சில நாள் தங்கவேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் செடியின் இலைகள் ஓரமெல்லாம் கருகி, தொட்டால் உதிர்கின்றன. வாளிப் பக்கம் குனிந்ததுமே தெரிந்துவிட்டது. மீன் வாடை.

"மாமி, இதுல என்ன ஊத்துனீங்க?"

"சாளை கழுவுன தண்ணி மக்ளே. நல்ல வளமுல்லா! கறிவேப்பிலைக்கு ஊத்துனா எப்படித் தளுக்குது பாத்தியா? பாவம், நீ இல்லாம வாடிக் கெடந்து. அதான் தெனமும் ஊத்துனேன்."

தினமும்! எங்கள் வீட்டில் சாளையைக் கல்லுப்பு போட்டு உரசித்தான் கழுவுவார்கள். அந்த உப்பெல்லாம் தரையில் நிற்கிற கறிவேப்பிலைக்கு ஒன்றும் செய்யாது, மழை கொண்டுபோய்விடும். ஒரு வாளி மண்ணில் எங்கே போகும்? நான் கத்தினேன். மாமி அழுதார். "நான் வேணும்னா செஞ்சேன்? உனக்குப் பிரியமான செடிண்ணுதானே பாத்துப் பாத்து ஊத்துனேன்" என்றார். அதற்குமேல் எப்படிக் கத்துவது? வாளி வாளியாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தேன். செடி திரும்பவில்லை. வெறும் குச்சிகள் நின்றன.

மூக்கைச் சிந்திவிட்டு மாமிதான் வழி சொன்னார். "கிளாராக்க வீட்டுல நிக்குல்லா? போய் ஒரு கம்பு கேளு."

கேட்பதா? எந்த வாயால்? அதுவுமில்லாமல், கேட்டால் பிடிக்காதே! ஆமாம், நானேதான் அப்படி நினைத்தேன். படித்தவள், ஆபீசில் கையெழுத்துப் போடுகிறவள்.

சாயந்திரம் ஒரு பிளேடை முந்தானையில் முடிந்துகொண்டு அந்த முற்றத்துக்குள் போனேன். செடி செழித்து நின்றது, என்னுடையதைவிட அழகாக. அது வேறு வயிற்றெரிச்சல். குனிந்து பிளேடை வைத்தபிறகுதான் பார்த்தேன், கிளாரா அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஓடவும் முடியவில்லை.

அவர் மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பினார். கொடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"முத்தத்துல பூனை வந்திருக்கு போல. எனக்கு ஒண்ணும் காணாது, கேட்டியா."

நான் அவசரத்தில் எங்கேயோ வெட்டினேன். திரும்பாமலே ஒரு சத்தம்:

"ஏட்டி மூதேவி! கணுவுக்குக் கீழ வெட்டு! இருக்கிய செடியயும் கொன்னுராத!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய முதுகும் குலுங்கியது. மறுநாள் மதிலுக்கு மேலே பேச்சு தொடங்கியது. அந்தக் கம்பு பிடித்ததா என்று கேட்கவே வேண்டாம், தழைத்தது.

அதன்பிறகு எத்தனையோ தடவை என் செடி போயிருக்கிறது. ஒருமுறை சிவப்புச் சிலந்திப் பூச்சி, ஒருமுறை பூனை, ஒருமுறை என் மகள் அதற்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினாள். கிளாரா அக்காவின் செடியும் அப்படித்தான். யாருடையது போனாலும் மற்றவர் வீட்டு முற்றத்துக்குப் பிளேடோடு போவோம். போகிற சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிறவர் கதவைச் சாத்திக்கொள்வார். அப்படியே அந்தப் பெங்களூர்ச் செடி மாமி போன பிறகும், இந்த வீட்டை நாங்களே விலைக்கு வாங்கின பிறகும் சாகாமல் இருந்தது.

கிளாரா அக்காவைப் பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், முட்டுவலிக்கு ஆஸ்பத்திரி பக்கம் என்று. வீட்டை விற்றார்கள். வாங்கினவர்கள் இடித்தார்கள். இடுப்பு மதில் ஆள் உயர மதிலானது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஒரு வருஷம் அந்தச் சிமெண்டுத் தூசியைத் தின்றவள்தானே நான்.

போன ஐப்பசியில் விடாத மழை. வாளியின் ஓட்டை அடைத்துக்கொண்டு வேர் அழுகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன், கையோடு வந்தது. யார் மேல் எரிந்து விழுவது? பிறகு பழக்கதோஷம், பிளேடை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி அந்தப் புது வீட்டு கேட்டுக்குள் போய்விட்டேன்.

முற்றம் முழுக்க டைல்ஸ். அதன்மேல் ஒரு வெள்ளைக் கார். ஒரு பெண் வெளியே வந்தாள், நல்ல பிள்ளை, சிரித்த முகம்.

"என்ன ஆன்ட்டி, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்ல மக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.